கேட்டுக்கொண்டே வந்தவர்

ஊரைச் சுற்றிக் காட்ட வந்த அந்த மனிதர், ஊரைப் பற்றி எங்களுக்குச் சொன்னதைவிட, எங்களைப் பற்றி எங்களிடம் கேட்டதுதான் அதிகம்.

லடாக்கில் லே ஊர் அரண்மனை ஒன்பது அடுக்கு. மலைச்சரிவில், மலையின் நிறத்திலேயே, மண்ணைப் பிசைந்து அப்பியது போல நிற்கும். பாதி ஏறுவதற்குள் எங்கள் எல்லோருக்கும் மூச்சு முட்டிவிட்டது. ஒரு சன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு என் அண்ணன் அவரிடம் கேட்டார்.

“இதை யாருங்க கட்டுனது?”

“ராஜா கட்டுனாருங்க.”

“எந்த ராஜா?”

“பெரிய ராஜாங்க.”

“அந்தப் பெரிய ராஜாவுக்குப் பேரு ஒண்ணு இருக்குமில்ல?”

“இருந்துச்சுங்க.” கொஞ்ச நேரம் யோசித்தார். “டிரைவருக்குத் தெரியுமுங்க. கேட்டுச் சொல்றேன்.”

எல்லோரும் சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் படியில் உட்கார்ந்திருந்த என் சின்னம்மாவின் முன்னால் குத்தவைத்து, “அம்மா, உங்க ஊட்டு எருமை எத்தனை லிட்டர் கறக்குதுங்க?” என்று கேட்டார். சின்னம்மா பதில் சொல்லச் சொல்ல, அவருடைய கண் சின்னம்மாவின் உதட்டிலேயே இருந்தது. பிறகு சின்னம்மாவின் கையை வாங்கி விரல் நகங்களைப் பார்த்தார். கையை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

இது நடந்து எட்டு வருஷம் இருக்கும். நாங்கள் பதினாலு பேர் போயிருந்தோம். வெண்ணந்தூரில் தறி ஓட்டுகிற எங்கள் குடும்பம், ராசிபுரத்தில் துணிக்கடை வைத்திருக்கிற என் அண்ணன் குடும்பம், நாமகிரிப்பேட்டையில் மஞ்சக்காடு பார்க்கிற என் சின்னம்மா, இன்னும் சில சொந்தக்காரர்கள். மே மாதக் கடைசி. எங்கள் பக்கம் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆளாளுக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று சொன்னபோது, என் வீட்டுக்காரர்தான், “ஊட்டிக்கு எல்லாரும் போறாங்க. நாம பனிக்கே போவோம்” என்றார். சேலத்தில் ஒரு டூர் கம்பெனியில் பேசினார், எல்லோரையும் சம்மதிக்க வைத்தார், ஒரு வாரம் தறியை நிறுத்தினார். தமிழ் பேசுகிற கைடு உண்டு என்று கம்பெனிக்காரர்கள் சொன்னதால்தான் சின்னம்மாவே கிளம்பினார்.

விமான நிலையத்துக்கு வெளியே அந்தக் கைடு நின்றிருந்தார். முப்பது வயது இருக்கும். ஒல்லி. காதை மூடிய கம்பளிக் குல்லாய். எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி, “வாடாங்க, வாடாங்க! மெதுவா நடடாங்க!” என்றார்.

என் அண்ணனின் முகம் சுருங்கிவிட்டது. சின்னம்மாதான் முதலில் புரிந்துகொண்டு சிரித்தார். எங்கள் பக்கத்துப் போர்வெல் லாரிகள், ரிக் வண்டி என்போம், வடக்கே எல்லா ஊருக்கும் போகும். வேலைக்கு வடநாட்டு ஆட்களை வைத்துக்கொள்வார்கள். இவர் திருச்செங்கோட்டு ரிக் ஒன்றில் ஆறு வருஷம் இருந்தவராம். அங்கே அவர் காதில் விழுந்த தமிழெல்லாம் ‘தூக்குடா, நிறுத்துடா, உக்காருடா’தான். மரியாதையாகப் பேச வேண்டுமானால் கடைசியில் ஒரு ‘ங்க’ சேர்க்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சேர்த்துக்கொண்டார். “உக்காருடாங்க”, “தண்ணி குடிடாங்க.”

“என்னையப் போயி டா போடறான். ஆனா எத்தனை மரியாதையாப் போடறான் பாரு சாமி” என்றார் சின்னம்மா.

ஓட்டல் போய்ச் சேருகிற வரைக்கும் வண்டியில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாம்பலைக் குவித்தது போல மலைகள், புல் பூண்டு கிடையாது. கொல்லிமலையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அவை மலையென்றே படவில்லை. இது என்ன மலை, அது என்ன கோயில் என்று ஆளாளுக்குக் கேட்க, அவர் எல்லாவற்றுக்கும் “காட்டறேனுங்க, காட்டறேனுங்க” என்றபடி ஒவ்வொரு இருக்கையாக வந்தார். தலை வலிக்குதுங்களா. நேத்து என்ன சாப்புட்டீங்க. உங்க கடைக்கு எத்தனை படிங்க. உங்க ஊட்டுல தறி எத்தனைங்க.

“பன்னெண்டு” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஓடறதெல்லாம் உங்க தறிங்களா?”

“எல்லாம் நம்மளதுதான்.” அதைச் சொல்லும்போது அவருக்கு எப்போதும் குரல் கொஞ்சம் நிமிரும். கைடு தலையை ஆட்டிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.

அன்று சாயங்காலம் அண்ணன் எங்கள் அறைக்கு வந்தார். “ஊட்டைப் பூட்டிட்டு வந்தீங்களா, யாராச்சும் இருக்காங்களான்னு கேக்கறான். கடைக்கு எத்தனை படி, பின்னால வழி இருக்குதான்னு கேக்கறான். எனக்கு இது நல்லதாப் படலை. திருச்செங்கோட்டுல இருந்தவன்ங்கறான். நம்ம ஊருல ஆள் இல்லாமயா இருக்கும்?”

என் வீட்டுக்காரர் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். “சும்மா இரு மச்சான்” என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, எங்கள் வீட்டுப் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்க்கச் சொன்னேன்.

மறுநாள் காலை என் பயம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அந்த ஊரில் சீக்கிரமே வெளிச்சம் வந்துவிடுகிறது. நான் கண் விழித்தபோது குளியலறையில் குழாய் ஓடுகிற சத்தம். வெகு நேரம் ஓடியது. கதவைத் தட்டினேன். என் வீட்டுக்காரர் வாளியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தார். வாந்தி எடுக்கிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார்.

“ராத்திரி பூராத் தல வலிங்கறீங்க. கைடுகிட்டச் சொல்லுவோமுங்க.”

“யாருகிட்டயும் சொல்லாத. பதினாலு பேரை நாந்தான் கூட்டிட்டு வந்தேன். நானே படுத்துக்கிட்டா நாளைக்கு ஊருல எதைச் சொல்லிச் சிரிப்பாங்கன்னு தெரியுமில்ல? ரெண்டு மாத்திரை போட்டாச் சரியாப் போயிரும்.”

நான் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லாதே என்றதை நான் யாரிடமும் சொன்னது கிடையாது. அதை அப்போது பெருமையாகக்கூட நினைத்திருந்தேன்.

கீழே இறங்கியதும் கைடு நின்றிருந்தார். என் வீட்டுக்காரரிடம் கேட்காமல் நேராக என்னிடம் கேட்டார்.

“அண்ணன் தூங்குனாருங்களா?”

“நல்லாத் தூங்குனாருங்க.”

“நீங்க?”

“நானுந்தான்.”

“ரெண்டு பேரும் தூங்குன முகமா இல்லீங்களே அக்கா.”

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. “ஊரைக் காட்டத்தானே வந்தீங்க, ஊரைக் காட்டுங்க” என்றேன். அவர் முன்னால் நடந்தார். ஆனால் அன்றைக்கு அரண்மனையில் என் வீட்டுக்காரர் எந்தப் படியில் நின்றாலும் அதற்கு இரண்டு படி கீழே அவர் நிற்பதைப் பார்த்தேன். விழுந்தால் பிடிக்கிற மாதிரி. அது எனக்கு ஆறுதலாக இல்லை. கண்டுபிடித்துவிடுவாரோ என்றுதான் திகிலாக இருந்தது.

கடைவீதியில் காய்கறி விற்கிற பெண்களையும், வெள்ளைக் கோபுரம் மாதிரி இருந்த புத்தர் கோயிலையும், கையால் உருட்டிவிடுகிற பெரிய பித்தளை உருளைகளையும் நான் பார்த்தேன். எதுவும் மனசில் ஒட்டவில்லை. என் காது முழுக்கப் பின்னால் வருகிற என் வீட்டுக்காரருடைய மூச்சில் இருந்தது.

மூன்றாம் நாள் இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒன்று பச்சை, ஒன்று சேற்று நிறம். கலந்த பிறகும் கொஞ்ச தூரம் இரண்டு நிறமாகவே ஓடுகிறது. மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கைடு காலையிலிருந்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். எருமை எத்தனை லிட்டர், கடைக்கு எத்தனை படி, தறி எத்தனை. ‘நேத்துத்தானே சொன்னேன்’ என்று அலுத்துக்கொண்டேதான் எல்லோரும் பதில் சொன்னார்கள். நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“சொன்னதையே எதுக்குங்க தெனமும் கேக்கறீங்க?”

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ரிக்குல பழகுனதுங்க அக்கா. போர் போடறப்போ கீழ என்ன நடக்குதுன்னு யாருக்குங்க தெரியும்? அறுநூறு அடி, எழுநூறு அடி. கண்ணுக்குத் தெரியாது. டிரில்லர் அண்ணன் சத்தம் கேப்பாருங்க. சோறு தின்னுட்டே கேப்பாரு. போன் பேசிட்டே கேப்பாரு. சத்தம் மாறுனா நிறுத்துடாம்பாரு. ஒரு நா அவரு சாப்புடப் போயிருந்தாரு, நான் நின்னேன். சத்தம் மாறுச்சுங்க. நான் கவனிக்கலை. ராடு பூரா உள்ள மாட்டிக்கிச்சு. வந்து அறைஞ்சாரு.” கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். “அதுல இருந்து எனக்குக் கேட்டுட்டே இருக்கோணுங்க.”

“மனுசங்களையுமா?”

“மனுசங்கதாங்க மோசம். கேட்டா ஒண்ணுமில்லைம்பாங்க. ஒதடும் நகமும் நீலமானாத்தான் தெரியும். போர் அப்படிச் சொல்லாதுங்க.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்த நேரம் நான் சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. என் வீட்டுக்காரர் கொஞ்ச தூரத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டேன்.

நாலாம் நாள்தான் பெரிய கணவாய். உலகத்திலேயே உயரமான ரோடுகளில் ஒன்று, பனியில் இறங்கி விளையாடலாம் என்று கம்பெனி நோட்டீசில் முதல் படமே அதுதான். எல்லோரும் அதற்காகத்தான் வந்தோம். கிளம்பும்போது என் வீட்டுக்காரர் சட்டைக்கு மேல் போட்ட ஜாக்கெட்டின் பித்தானை மாட்டத் தெரியாமல் வெகு நேரம் நின்றார். நான் போட்டுவிட்டேன். “குளுருல வெரலு மரத்துப் போச்சு” என்றார். அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி வளைந்து வளைந்து ஏறியது. இரண்டு பக்கமும் பனி தெரிய ஆரம்பித்ததும் எல்லோரும் சத்தம் போட்டார்கள். பாதி தூரத்துக்கு மேல் ஒரு சோதனைச் சாவடி. பக்கத்தில் டீக்கடை. அனுமதிக் காகிதம் காட்டுவதற்காக வண்டி நின்றது. இறங்கியதும் கைடு என் வீட்டுக்காரரிடம் வந்தார்.

“அண்ணா, உங்க ஊட்டுல தறி எத்தனைங்க?”

“நாலு” என்றார் அவர்.

நாலு தறி இருந்தது நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது. அதற்குப் பிறகு இருபது வருஷம் ஓடிவிட்டது. சுற்றி நின்றவர்கள் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தார்கள். கைடு சிரிக்கவில்லை. குதிகாலால் சரளை மண்ணில் நீளமாக ஒரு கோடு கிழித்தார்.

“அண்ணா, இது மேல நடடாங்க. ஒரு காலுக்கு முன்னால இன்னொரு கால்.”

“நான் என்ன குடிச்சிருக்கேனா?” என்று கத்தினார் என் வீட்டுக்காரர். ஆனாலும் நடந்து காட்டினார். இரண்டாவது அடியிலேயே இடது பக்கம் சாய்ந்து, வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

கைடு என்னைப் பார்த்தார். “அக்கா, நீங்க சொல்லுங்க. தல வலி எப்ப இருந்துங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் அதிகம்.

“அவருக்கு ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

கைடு என் பதிலுக்காகக் காத்திருந்ததாகவே தெரியவில்லை. டிரைவரைப் பார்த்து இந்தியில் ஏதோ சொன்னார். டிரைவர் வண்டியைத் திருப்ப ஆரம்பித்தார். அப்போதுதான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. ஒரே கூச்சல். இன்னும் ஒரு மணி நேரப் பயணம்தான் இருந்தது. அண்ணன் பாய்ந்து வந்து கைடின் சட்டைக் காலரைப் பிடித்தார். “குளுருல யாரா இருந்தாலும் அப்படித்தான்டா நடப்பாங்க. நீ யாரு வண்டியத் திருப்ப? ராஜா பேரே தெரியலை, நீ டாக்டரா?”

அவர் காலரை விடுவித்துக்கொள்ளக்கூட முயற்சி செய்யவில்லை. “ஏறுடாங்க, எல்லாரும் ஏறுடாங்க, சீக்கிரம்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இறங்குகிற வழி முழுக்க, என் வீட்டுக்காரரின் இருக்கைக்குப் பக்கத்தில் வண்டியின் தரையில் உட்கார்ந்துகொண்டு, அவருடைய முழங்காலைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே வந்தார்.

“அண்ணா, கண்ணைத் தொறங்க. உங்க ஊருல பஸ்ஸு எங்க நிக்குமுங்க? அண்ணா, மொதத் தறி எப்ப வாங்குனீங்க? அண்ணா, உங்க பொண்ணு பேரு என்னங்க?”

என் வீட்டுக்காரர் தன் தங்கச்சியின் பேரைச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்விக்கு ஒன்றுமே சொல்லவில்லை. தலை தொங்கிவிட்டது.

“மூணு நாளா வலிங்க” என்றேன். வாயைத் திறந்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. “ரெண்டாம் நாளே வாந்திங்க. தெனமும் வாந்திங்க. காலையில பித்தான்கூட நான்தான் போட்டுவிட்டேன். சொல்லாதன்னாருங்க. நான் சொல்லலைங்க.”

முன்னால் இருந்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கைடுக்கு மட்டும் கேட்டது.

“தெரியுமுங்க அக்கா” என்றார். திட்டுவார் என்று நினைத்தேன். “கடைசியா எப்ப வாந்தி எடுத்தாருங்க? மாத்திரை என்ன போட்டீங்க?” என்று கேட்டார். நான் சொன்னதையெல்லாம் போனில் யாரிடமோ இந்தியில் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்கும்போது தள்ளுகட்டிலோடு இரண்டு பேர் தயாராக நின்றிருந்தார்கள்.

உள்ளே நானும் கைடும் மட்டும் போனோம். ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்ட பிறகு டாக்டர் பேசியதைக் கைடு எனக்குத் தமிழில் சொன்னார். உயரம் ஒத்துக்கொள்ளாமல் மூளையில் நீர் கோத்திருக்கிறது. இன்னும் மேலே போயிருந்தால் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டு, “நீங்க சாப்புட்டீங்களா?” என்று கேட்டார். அன்றைக்கும் மறுநாளும் அந்தக் கட்டிலின் கால்மாட்டில்தான் இருந்தார்.

மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அவர் பேசிய முதல் பேச்சே அதுதான்: “என்னன்னு கேட்டா கேஸ் ட்ரபுள்னு சொல்லிரு.”

“ஏனுங்க, இன்னுமா?”

“சொல்லு புள்ள. தலை நிமுந்து நடக்கோணும் நான்.”

அவர் பிழைத்ததே போதும் என்றிருந்தது எனக்கு. என்ன கேட்டிருந்தாலும் செய்திருப்பேன். ஓட்டலுக்குப் போய், எல்லோரிடமும், “வயித்துல வாயு சேந்துருச்சாம், இப்பப் பரவால்லை” என்றேன். அண்ணன் என்னை ஒரு கணம் வெறித்துப் பார்த்தார். “கேஸுக்கா வண்டியத் திருப்புனான்?” என்றார். அதற்குள் கணவாயில் பனி விழுந்து ரோட்டை மூடிவிட்டார்கள். மறுபடி போக வழியில்லை.

கடைசி நாள் காலையில் அண்ணன் ஒரு கோடு போட்ட தாளோடு எங்கள் அறைக்கு வந்தார். கம்பெனிக்கு எழுதிய புகார். கைடுக்கு ஊரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. குடும்ப விஷயங்களைக் கேட்டுத் தொந்தரவு செய்தார். சாதாரண வாயுத் தொந்தரவைப் பெரிதாக்கி, பார்க்க வேண்டிய முக்கியமான இடத்தைப் பார்க்கவிடாமல் செய்தார். பெரியவர்களையும் பெண்களையும் ‘டா’ போட்டுப் பேசினார். அழகான கையெழுத்து அண்ணனுக்கு.

என் வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவைக் கேட்டு வாங்கி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். வாயு என்று தாளிலேயே எழுதியாகிவிட்டது. அப்புறம் அது வாயுதான்.

விமான நிலையத்துக்குப் போகிற வண்டியில் அந்தத் தாள் சுற்றுக்கு வந்தது. அண்ணன் முன்னால் இருந்து நீட்டினார். அதை வாங்கி ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் கொடுத்தது கைடுதான். அவருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது.

“என்னங்க இது?” என்று அவர் கேட்டதற்கு, “எல்லாரோட பேரும். ஆபீசுக்கு” என்றார் அண்ணன்.

வண்டி குலுங்கியதால் தாளுக்கு அடியில் வைத்துக்கொள்ள கைடே ஓர் அட்டை தேடிக் கொடுத்தார். சின்னம்மா கண்ணாடியைப் பெட்டியில் வைத்துவிட்டார். “எங்க சாமி போடறது?” என்று கேட்டார். “இங்கடாங்க அம்மா” என்று கைடு விரல் வைத்துக் காட்டினார். சின்னம்மா அவருடைய விரலுக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார். பிறகு என்னிடம் வந்தது. மேலே எழுதியிருந்ததைப் பார்க்காமல் கீழே பார்த்தேன். பதின்மூன்று பெயர்கள்.

“அக்கா, இங்க எடம் இருக்குதுங்க” என்றார்.

போட்டேன். நான் போடுகிற வரைக்கும் கைடு அட்டையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இறங்கியதும், அண்ணன் கம்பெனி ஆளைத் தேடுவதைப் பார்த்து, கைடு “நானே குடுத்தர்றேனுங்க” என்று தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெட்டிகளை எண்ணி வரிசையாக வைத்தார். என் வீட்டுக்காரரிடம் வந்து, “டில்லியில படிக்கட்டுல மெதுவா ஏறுடாங்க அண்ணா” என்றார். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

ஊருக்கு வந்து தறி ஓட ஆரம்பித்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நூல் அறுந்த தறியின் முன்னால் நின்றுகொண்டு எதற்கு நிற்கிறேன் என்பதே மறந்துவிடும். கோயிலில் பார்த்தவர்கள், ‘லடாக்கு போனீங்களாமே, எப்படி இருந்துச்சு’ என்று கேட்டால் வேறு பேச்சு எடுத்துவிடுவேன். ஒன்றரை மாதம் பொறுத்தேன். ஒரு நாள் மத்தியானம் தறிப்பட்டறை வாசலில் நின்று சேலத்துக் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

“அந்தக் கைடுங்களா? நிறுத்தியாச்சுங்க மேடம்” என்றார் அங்கே இருந்த ஆள், எனக்கு நல்ல சேதி சொல்கிற மாதிரி. “பதினாலு பேரு எழுதிக் குடுத்த கம்ப்ளைண்ட்டு. வெச்சுக்க முடியுங்களா? அவனே கொண்டாந்து எங்க ஆளுகிட்டக் குடுத்திருக்கான். எங்காளு படிச்சுக் காட்டியிருக்காரு.”

“என்ன சொன்னாருங்க?”

“ஒண்ணும் சொல்லலை. அந்த அண்ணன் உடம்பு எப்படி இருக்குதுன்னு கேட்டானாம்.”

போன் என் காதிலேயே இருந்தது. நான் அழுவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்தார். யார் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார் போல. போனை வாங்கிக்கொண்டார். உள்ளே பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் பேச வேண்டும். கத்தினார்.

“அந்தக் கடுதாசி பொய்ங்க. மொதக் கையெழுத்து நாந்தான். வாயு இல்லீங்க, சாகக் கெடந்தேன். அவன் வண்டியத் திருப்பலைன்னா எம் பொண்டாட்டி என்னைப் பொட்டியிலதான் கொண்டாந்திருப்பா. எழுதிக்கிறீங்களா? நான் நேர்ல வந்து எழுதித் தாரேன்.”

தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. கம்பெனி ஆள், இப்பச் சொல்லி என்னங்க பண்றது, அவன் லேயை விட்டே போய்ட்டான், நம்பரும் போகலை என்றார். பேர், ஊர் ஏதாவது என்று இவர் கேட்டார். அங்கே டிரைவர் ஏற்பாடு செய்த ஆளுங்க, எல்லாரும் அவனை ரிக்குன்னுதான் கூப்பிடுவோம், ஜார்கண்டோ சத்தீஸ்கரோ என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். “அவன் ஊரு எது? பேரு என்ன? உங்கிட்டச் சொன்னானா?”

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். ரெண்டு நாள் என் கட்டில் காலடியிலயே கெடந்தானே என்று முணுமுணுத்தார். அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணனுக்கும் தெரியவில்லை. முழு விஷயத்தையும் அண்ணனிடம் அப்போதுதான் சொன்னார். அதன் பிறகு சின்னம்மாவுக்குப் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

“அத்தை, அந்தக் கைடு உங்ககிட்டத்தான் நெறையாப் பேசுனான். அவன் பேரு, ஊரு ஏதாச்சும் ஞாபகம் இருக்குதுங்களா?”

சின்னம்மா மஞ்சக்காட்டில் இருந்தார். காற்று இரைந்தது.

“எங்கூட்டு எருமை பேரு வரைக்கும் கேட்டான் சாமி” என்றார். அப்புறம், “நான் அவனை ஒண்ணுமே கேக்கலியே” என்றார்.